நர்ஸம்மா பேசுவாங்களா?

குழு: நம்ம தெரு

ஞாயிறு, காலை

செயலாளர் சார்: அனைவருக்கும் வணக்கம். மாதம் ஒரு சொற்பொழிவு நடத்துவது என்று சென்ற கூட்டத்தில் முடிவானது நினைவிருக்கும். முதல் நிகழ்ச்சிக்கான உத்தேச நிரல்: வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை மூவர், வாழ்த்துரை ஐவர், சிறப்புரை, நன்றியுரை. சிறப்புரைக்கு வெளியிலிருந்து பிரபலமான ஒருவரை அழைக்கலாம். உறுப்பினர்கள் கருத்துகளைப் பதிவிடவும்.

மூணாம் நம்பர் மாமா: சிறப்புரை எத்தனை மணிக்கு சார் வரும்?

காலேஜ் தம்பி: வாழ்த்துரை முடிஞ்சதும் மாமா. அதாவது மறுநாள் 😂

செயலாளர் சார்: தம்பி, இது கேலிக்குரிய விஷயம் அல்ல.

டீச்சர்: பிரபலம் வந்தா கூட்டம் சேரும், சரி. ஆனா அவர் இங்க வந்து பேசப்போறது எல்லாம் ஏற்கெனவே யூடியூப்ல கிடக்குமே சார்.

லைப்ரரி அக்கா: அதேதான் டீச்சர். நம்ம தெருக்காரங்களே பேசட்டும். 40 வீடு இருக்கு. எதிர் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தார்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

மூணாம் நம்பர் மாமா: எனக்குத் தெரியும்.

லைப்ரரி அக்கா: உங்களைத் தவிர மாமா 🙂

செயலாளர் சார்: தினமும் பார்க்கிற முகம்தானே என்று மக்கள் வராமல் இருந்துவிட்டால்?

லைப்ரரி அக்கா: சார், இது ரொம்பப் பழைய யோசனைதான். 1826-ல அமெரிக்காவுல மசாசூசெட்ஸ் மாநிலத்துல மில்பரின்னு ஒரு சின்ன ஊர். அங்க ஜோசையா ஹோல்புரூக்னு ஒருத்தர் ‘லைசியம்’ ஆரம்பிச்சார். ஊர்க்காரங்க தங்களுக்குத் தெரிஞ்சதை ஊர்க்காரங்களுக்கே சொல்லிக்கணும், அவ்வளவுதான் திட்டம். வேகமா ஊர் ஊரா பரவுச்சு. அப்புறம் பேர் வாங்கின பேச்சாளர்களைக் காசு கொடுத்துக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் பேசிட்டிருந்த உள்ளூர்க்காரங்க மெல்ல மெல்லக் கீழ நாற்காலிக்கு வந்துட்டாங்க. நாம எடுத்த எடுப்புலயே நாற்காலியில உட்காரணுமா?

டீச்சர்: நல்லாச் சொன்னே.

மூணாம் நம்பர் மாமா: அப்போ யார் பேசுறது? என்னைச் சொல்லிடாதீங்க. (சொன்னா யோசிக்கிறேன்.)

மைக்செட் அண்ணா: நர்ஸம்மாவைக் கேளுங்க.

காலேஜ் தம்பி: 👍👍 நர்ஸம்மா!

நர்ஸம்மா: ஆளை விடுங்கப்பா. ஊசி போடச் சொல்லுங்க, போடுறேன். மேடையெல்லாம் எனக்கு ஆகாது.

நர்ஸம்மா: இன்னொண்ணு. 34 வருஷ சர்வீஸ்ல பார்த்ததை நான் வாயைத் திறந்து சொன்னா இந்த குரூப்ல பாதிப் பேர் லெஃப்ட் ஆயிடுவீங்க.

மாடிவீட்டுப் பாட்டி (பேரன் டைப் பண்ணுறான்): இந்த குரூப்ல ஆறு பேர் அவ கையில பொறந்தவங்கதான். அதுல ஒருத்தன்தான் இப்போ எனக்கு டைப் பண்ணுறது. அவ பேசலேன்னா வேற யார் பேசுறதாம்.

ஞாயிறு, இரவு

நர்ஸம்மா: பகல் பூரா யோசிச்சுப் பார்த்தேன். பயம் மேடை மட்டும் இல்ல. நான் பார்த்த கதை எதுவும் என் கதை இல்ல. ஒவ்வொண்ணுலயும் இன்னொரு பொம்பளை இருக்கா. அவளைக் கேட்காம நான் எப்படிச் சொல்றது? பேரை மாத்திச் சொன்னாலும் இந்தத் தெருவுல கண்டுபிடிச்சிடுவாங்க.

மூணாம் நம்பர் மாமா: அது நிஜம். நான் கண்டுபிடிச்சிடுவேன்.

லைப்ரரி அக்கா: அப்போ அவங்க கதையை விடுங்க நர்ஸம்மா. உங்க வேலையைச் சொல்லுங்க. முதல் நாள் டியூட்டிக்குப் போனப்போ பையில என்ன இருந்துச்சு? ராத்திரி கூப்பிட்டா எதுல போனீங்க? கை எத்தனை தடவை கழுவுவீங்க?

நர்ஸம்மா: இதையெல்லாம் யாரு கேட்பா?

காலேஜ் தம்பி: நான் கேட்பேன்.

லைப்ரரி அக்கா: இதோ ஆள் கிடைச்சாச்சு. நீங்க தனியா நின்னு பேச வேண்டாம். தம்பி எதிர்ல உட்கார்ந்து கேட்பான், நீங்க அவனுக்குப் பதில் சொல்லுங்க. நாங்க பக்கத்துல இருந்து கேட்டுக்கிறோம். ஸ்டோரிகார்ப்ஸ்னு ஒண்ணு 2003-ல நியூயார்க்ல கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துல ஆரம்பிச்சாங்க. ஒரு சின்ன அறை, தெரிஞ்சவங்க ரெண்டு பேர், 40 நிமிஷம், ஒருத்தர் கேட்க ஒருத்தர் சொல்ல. மேடையும் கிடையாது, கைதட்டலும் கிடையாது.

டீச்சர்: தம்பி, ‘உங்கள் அனுபவத்தைப் பற்றிக் கூறுங்கள்’னு மட்டும் கேட்டுடாதே. அப்படிக் கேட்டா யாரா இருந்தாலும் ரிட்டயர்மென்ட் விழாவுல பேசுற மாதிரிதான் பேசுவாங்க. ‘அன்னைக்கு மழை பெய்ஞ்சுதா?’ன்னு கேளு. தானா வரும்.

காலேஜ் தம்பி: ஓகே டீச்சர். நோட் பண்ணிட்டேன்.

செயலாளர் சார்: டென்மார்க்கில் மனிதர்களையே புத்தகம் போல இரவல் தரும் நூலகம் உள்ளதாகப் படித்த ஞாபகம். சரியா அம்மா?

லைப்ரரி அக்கா: சரிதான் சார்! 2000-ல ரோஸ்கில்டே இசை விழாவுல தொடங்கினாங்க. புத்தகத்துக்குப் பதிலா ஒரு ஆளை எடுத்துக்கிட்டுப் போய்ப் பேசலாம், எதை வேணா கேட்கலாம். அதை எப்போ சார் படிச்சீங்க?

செயலாளர் சார்: நானும் படிப்பேன் அம்மா.

திங்கள்

செயலாளர் சார்: திருத்தப்பட்ட நிரல்: வரவேற்புரை (5 நிமிடம்), தலைமையுரை (15 நிமிடம்), வாழ்த்துரை இருவர் (தலா 10 நிமிடம்), நர்ஸம்மா அவர்களின் உரையாடல் (15 நிமிடம்).

காலேஜ் தம்பி: சார், கூட்டிப் பார்த்தா நர்ஸம்மா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே 40 நிமிஷம் போயிடுது.

டீச்சர்: டெட் (TED) சொற்பொழிவு மேடையில உலகத்துல யார் வந்தாலும் 18 நிமிஷத்துக்குள்ள முடிச்சாகணும். நம்ம வாழ்த்துரை அதைவிடப் பெரிசா?

செயலாளர் சார்: வாழ்த்துரையை நீக்கினால் வாழ்த்துவோர் மனம் வருந்துவர்.

மூணாம் நம்பர் மாமா: வாழ்த்த இருந்தது நான்தான். வருந்தல. நீக்கிடுங்க.

செயலாளர் சார்: நன்று. என் தலைமையுரை 2 நிமிடம்.

மைக்செட் அண்ணா: சார், என் பங்குக்கும் கொஞ்சம் சொல்லிடுறேன். போன ஆண்டுவிழாவுல மைக் ‘கீ’ன்னு கத்துச்சுல்ல, அதுல மைக் மேல தப்பே இல்ல. ஸ்பீக்கர் பாக்ஸைப் பேசுறவங்களுக்குப் பின்னாடி வச்சிட்டாங்க. பாக்ஸ்ல வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போகும், அது பெரிசாகி மறுபடி பாக்ஸ்ல வரும், மறுபடி மைக்குக்குள்ள போகும். அந்தச் சுத்துதான் கத்தல். பாக்ஸை மைக்குக்கு முன்னால, ஆளுங்க பக்கமா திருப்பி வச்சா பிரச்சினை இல்ல. மைக் தலையைக் கையால மூடிப் பிடிச்சாலும் கத்தும், அதை தம்பிகிட்ட சொல்லி வைங்க. சினிமாவுல பாடுற மாதிரி பிடிப்பான்.

காலேஜ் தம்பி: 😶

மைக்செட் அண்ணா: நர்ஸம்மா மெதுவாத்தான் பேசுவாங்க. மைக் வாய்க்கு நாலு விரல் தூரத்துல இருக்கட்டும்.

மாடிவீட்டுப் பாட்டி (பேரன் டைப் பண்ணுறான்): பின்னாடி உட்கார்ந்து யாராவது கேள்வி கேட்டா எனக்கு ஒண்ணும் கேட்காது. பதில் மட்டும் கேட்டு நான் என்ன பண்ண.

லைப்ரரி அக்கா: நல்ல வேளை சொன்னீங்க பாட்டி. தம்பி, யார் என்ன கேட்டாலும் அதை மைக்ல ஒரு தடவை திரும்பச் சொல்லிட்டுத்தான் பதிலுக்கு விடணும். நாற்காலி 25 போதும் அண்ணா, அரைவட்டமா போடுங்க. 60 போட்டு 20 பேர் வந்தா காலியா தெரியும். 25 போட்டு அஞ்சு பேர் நின்னா நல்ல கூட்டம்.

நர்ஸம்மா: எனக்கும் ஒரு நிபந்தனை. வீடியோ வேண்டாம். குரலை மட்டும் பதிவு பண்ணுங்க. நான் ஒரு தடவை கேட்டு, வேணாம்ங்கிறதை வெட்டின பிறகுதான் குரூப்ல போடணும்.

லைப்ரரி அக்கா: கண்டிப்பா. வாய்மொழி வரலாறு பதிவு பண்றவங்களும் பேசினவங்க சம்மதம் எழுத்துல இல்லாம வெளியே விடமாட்டாங்க.

சனி, மாலை

மைக்செட் அண்ணா: மைக் ரெடி. நாற்காலி 25. 31 பேர் வந்தாச்சு. அவங்கவங்க வீட்டுல இருந்து ஸ்டூல் எடுத்துட்டு வாங்க.

மூணாம் நம்பர் மாமா: நான் முன் வரிசை. இடம் பிடிச்சாச்சு.

சனி, இரவு

காலேஜ் தம்பி: வர முடியாதவங்களுக்காகச் சுருக்கமா எழுதுறேன். நர்ஸம்மா சரிபார்த்துட்டாங்க.

காலேஜ் தம்பி: ஆரம்பத்துல நாலு நிமிஷம் ‘ஆமா’, ‘இல்ல’ மட்டும்தான். எனக்கு வேர்த்துடுச்சு. அப்புறம் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து ‘பையில என்ன வச்சிருந்தீங்க’ன்னு கேட்டேன். பதில் சொல்லல, நிஜமாவே பையைத் திறந்துட்டாங்க. உள்ள மரத்துல கடைஞ்ச ஒரு குழல், ஒரு சாண் கூட இருக்காது, சின்ன ஊதுகுழல் மாதிரி. அதுக்கு பினார் குழல்னு பேராம், 19-ஆம் நூற்றாண்டுல அதைக் கொண்டுவந்த பிரெஞ்சு டாக்டர் பேரு. அகலமான முனையைத் தாய் வயித்துல வச்சு மறுமுனையில காதை வைக்கணும். வச்சதும் கையை எடுத்துடணும், பிடிச்சிருந்தா கை சத்தம் கலந்துடுமாம். பேட்டரி, வயர் எதுவும் கிடையாது. கரெண்ட் போன ராத்திரியிலயும் வேலை செய்யும்.

காலேஜ் தம்பி: குழந்தை இதயம் நிமிஷத்துக்கு 110-ல இருந்து 160 தடவை வரைக்கும் துடிக்கும்னு சொல்லி, வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே மேஜையில விரலால தட்டிக் காட்டினாங்க. அந்த வேகத்தை மைக்ல கேட்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. பாட்டி கூட.

மாடிவீட்டுப் பாட்டி (பேரன் டைப் பண்ணுறான்): நான் பேசவே இல்லையே.

காலேஜ் தம்பி: அப்புறம் அப்கார் மார்க். 1952-ல வர்ஜீனியா அப்கார்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சது. குழந்தை பிறந்து முதல் நிமிஷத்துல ஒரு தடவை, அஞ்சாவது நிமிஷத்துல ஒரு தடவை. நிறம், நாடித்துடிப்பு, தூண்டினா முகம் சுளிக்குதா, கைகால் அசைவு, மூச்சு. ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்சம் 2, மொத்தம் 10. ‘முதல் நிமிஷத்துல யாரும் பெரும்பாலும் பத்துக்குப் பத்து வாங்குறதில்ல, கையும் காலும் நீலமாத்தான் இருக்கும், அதனால என்ன’ன்னாங்க. அதைக் கேட்டு ப்ளஸ் டூ பசங்க கைதட்டினது தனிக் கதை.

செயலாளர் சார்: மிகச் சிறப்பு. என் தலைமையுரை 2 நிமிடத்தில் முடிந்ததையும் குறிப்பில் சேர்க்கவும்.

காலேஜ் தம்பி: 4 நிமிஷம் 10 செகண்ட் சார்.

ஞாயிறு, காலை

டீச்சர்: யாரோ ஸ்டேட்டஸ்ல நேத்து கூட்டத்தை வீடியோ போட்டிருக்கீங்க. நர்ஸம்மா வேணாம்னு சொல்லியிருந்தாங்க. அது போக, அதுல நான் கண்ணைத் துடைக்கிறது தெரியுது. தயவுசெஞ்சு எடுத்துடுங்க.

மூணாம் நம்பர் மாமா: ...

மூணாம் நம்பர் மாமா: நான்தான். 20 செகண்ட்தானேன்னு போட்டுட்டேன். பேசுறவங்களை மட்டும்தான் எடுக்கக் கூடாதுன்னு நினைச்சேன், கேட்கிறவங்களைப் பத்தி யோசிக்கல. எடுத்துட்டேன் டீச்சர். 14 பேர் பார்த்திருக்காங்க. மன்னிச்சுடுங்க.

டீச்சர்: சரி மாமா.

லைப்ரரி அக்கா: தப்பு என்மேலயும் இருக்கு. பேசுறவங்ககிட்ட மட்டும்தான் சம்மதம் கேட்டோம். அடுத்த தடவை உள்ளே வரும்போதே போனைப் பைக்குள்ள வைக்கச் சொல்லி ஒரு பலகை வச்சுடுறேன்.

நர்ஸம்மா: டீச்சர், சாயங்காலம் வீட்டுல இருப்பீங்களா? வர்றேன்.

டீச்சர்: வாங்க.

ஞாயிறு, இரவு

செயலாளர் சார்: அடுத்த மாதப் பேச்சாளர் யார் என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்யவும். இம்முறையாவது வெளியிலிருந்து ஒருவரை அழைப்பது குறித்துப் பரிசீலிக்கலாம். இதற்கென ஒரு துணைக்குழு அமைத்து, அதற்கு ஒரு அமைப்பாளரை நியமித்து, அவர் வழியாக...

நர்ஸம்மா: சார் ஒரு நிமிஷம். பேசினவங்கதான் அடுத்த ஆளைச் சொல்லணும்னு வச்சுக்கலாமா? நான் சொல்றேன். அந்தக் காலத்துல குழந்தை பிறந்தா வெளியூர்ல இருக்கிற அப்பனுக்கு ராத்திரி ரெண்டு மணின்னாலும் தந்தி போகும். நான் சீட்டு எழுதிக் கொடுத்து விடுவேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து அதை அடிச்சது யார் தெரியுமா? நம்ம செயலாளர் சார்.

லைப்ரரி அக்கா: சார் தந்தி ஆபீஸ்லயா இருந்தீங்க??

மூணாம் நம்பர் மாமா: இது எனக்கே தெரியாதே!

காலேஜ் தம்பி: இருங்க இருங்க. தந்தியில வார்த்தைக்கு இத்தனைன்னுதானே காசு? வார்த்தையை எண்ணி எண்ணி வேலை பார்த்தவரா இவ்ளோ நீளமா மெசேஜ் போடுறார்?

செயலாளர் சார்: அதனால்தான் தம்பி.

நர்ஸம்மா: பேசுவீங்களா சார்?

செயலாளர் சார்: சம்மதம்.

காலேஜ் தம்பி: ஒரே வார்த்தை!! சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?

மைக்செட் அண்ணா: தந்தி அடிச்சுக் காட்டுவீங்கன்னா அந்தச் சத்தத்துக்குத் தனியா ஒரு மைக் வச்சிடட்டுமா சார்?

செயலாளர் சார்: வைக்கவும். வாழ்த்துரை வேண்டாம்.