எண்ணூர் முகத்துவாரத்தில் கோடைக்கால ஆலாக்கள்: பறவை பார்ப்போர் குழு உறுப்பினர்களின் குறிப்புகள்

திருவொற்றியூர் உறுப்பினர்:
மே மாதம் கடற்காகம் (gull) தேடி வந்தால் ஏமாற்றம்தான். பழுப்புத்தலைக் கடற்காகங்களில் பெரும்பாலானவை ஏப்ரலிலேயே வடக்கே கிளம்பிவிடும். கோடை, ஆலா (tern) எனும் கடற்பறவைகளுக்கு உரியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இப்போது போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், கழிவு மீன் விழாது, பறவையும் கூடாது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம்தான் சரியான இடம்.

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கருநிழல்தான். அலகின் நிறம் தெரியாமல் ஆலாவை இனம் பிரிப்பது பெரும்பாடு. அதனால் விடியும்போதே மணல்திட்டில் கடலுக்கு முதுகு காட்டி நின்று மேற்கே கழிமுகத்தைப் பாருங்கள். எட்டரைக்கு மேல் மணலில் கானல் எழும்பும். ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) பெரிதாக்கப் பெரிதாக்க உருவம் நெளியும். 20 மடங்கில் வைத்தால் ஓரளவு தேறும். 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர் தாராளமாகப் போதும். கடல் பக்கம் பார்க்க மாலை நான்கு மணிக்கு வாருங்கள். சாம்பல் நிறச் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள், கால் புதையும்.

ராயபுரம் உறுப்பினர்:
அந்த மாலை வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய கொண்டை ஆலாவின் மஞ்சள் அலகு ஆரஞ்சாகத் தெரியும்; பலர் அதைச் சின்னக் கொண்டை ஆலா என்று எழுதிவிடுகிறார்கள். இனப்பெருக்கக் கால இறகுக் கோலத்தில் இருந்தால் நெற்றியைப் பாருங்கள்: சின்னதற்குக் கருந்தொப்பி அலகைத் தொடும், பெரியதற்கு இடையில் வெள்ளைப் பட்டை இருக்கும். தடித்த சிவப்பு அலகோடு இரண்டையும்விடப் பெரிதாக நின்றால் காஸ்பியன் ஆலா.

பழவேற்காடு உறுப்பினர்:
சிற்றாலா வெறும் மணலில் சிறு குழி பறித்து இரண்டு மூன்று முட்டை இடும். மணலும் முட்டையும் ஒரே நிறம். மிதித்த பிறகுதான் தெரியும். ஆகவே அலை நனைத்த ஈரமணலிலேயே நடங்கள். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள்: படம் எடுக்க நிற்காமல், வந்த காலடியிலேயே திரும்புங்கள். தாய் எழுந்து போனால் நிழலும் போய்விடும், வெயிலில் முட்டை வெந்துவிடும். காகமும் உங்களைப் பார்த்துத்தான் கூட்டைக் கண்டுபிடிக்கும். தயவுசெய்து ட்ரோன் வேண்டாம்.

திருவொற்றியூர் உறுப்பினர்:
இன்னொன்று. பலத்த காற்றுக்குப் பிறகு ஆழ்கடல் ஆலா கரையில் சோர்ந்து கிடக்கலாம். மறுபடி கடலில் வீசாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, நிழலில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.