போனியைக் கயிற்றில் நடத்துவது: கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாமா?

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான குதிரையேற்ற வகுப்பில் தொண்டூழியராகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் போனியை, அதாவது குட்டை இனக் குதிரையை, பிடித்து நடத்தும் வேலை. பயிற்சியில் மூன்று இடத்தில் தடுமாறுகிறது. கிளம்பச் சொல்லி இழுத்தால் போனி காலை ஊன்றி நின்றுவிடுகிறது. திரும்பும்போது என் பாதத்தை மிதிக்க வருகிறது. வியர்வையில் கயிறும் வழுக்குகிறது. கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் பிடி உறுதியாக இருக்குமே, அதை ஏன் கூடவே கூடாது என்கிறார்கள்?

லாயத்துக்காரர்:
கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில், ஏனென்றால் விரலைப் பறிப்பது அதுதான். ஒரு சுற்றுகூட வேண்டாம். சின்னப் போனியே 200 கிலோ இருக்கும், பெரிய குதிரை 500 கிலோ. அது திடுக்கிட்டுத் தலையைத் தூக்கும் அரை நொடியில் சுற்று இறுகிவிடும், கையை உருவ முடியாது. மீதிக் கயிற்றை இடக்கையில் முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்பின் நடுவைப் பிடியுங்கள். விட வேண்டுமென்றால் விரலை விரித்தாலே போதும். வளையமாகச் சுருட்டி அதற்குள் கையை விடுவதும் சுற்றுவதும் ஒன்றுதான். வலக்கை, கொக்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஹால்டர் (கயிற்றை மாட்டுவதற்காகத் தலையில் போடும் வார்) பட்டைக்குள் விரலை நுழைத்துப் பிடிக்காதீர்கள். வழுக்கலுக்கு மருந்து கையுறை. கயிறு தடித்த பருத்தியாக, 3 மீட்டர் நீளத்தில் இருந்தால் நல்லது. நைலான் கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போனால் உள்ளங்கைத் தோல் வழண்டுவிடும்.

ஹால்டரையும் பாருங்கள். மூக்குப் பட்டை கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே உட்காரவேண்டும், பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். இன்னும் கீழே இறங்கினால் மூக்கெலும்பின் மெல்லிய முனையை அழுத்தும்.

காலை ஊன்றி நிற்பது பிடிவாதம் இல்லை. முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து இழுத்தால் எந்தக் குதிரையும் பின்னுக்குத்தான் சாயும். தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், போகிற திசையைப் பாருங்கள், "நட" என்று சொல்லி நீங்களும் அடி எடுத்து வையுங்கள். வரவில்லையா? கயிற்றில் லேசான, விடாத அழுத்தம் கொடுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். அதன் எடை முன்காலுக்கு நகர்ந்த அந்தக் கணமே தளர்த்திவிடுங்கள். குதிரை படிப்பது அழுத்தத்திலிருந்து இல்லை, தளர்வதிலிருந்து. இரண்டு நொடி தாமதித்தால் எதற்காகத் தளர்த்தினீர்கள் என்று அதற்குப் புரியாது. அப்படியும் அசையாவிட்டால் தலையை வலப்பக்கம் திருப்பி ஓர் எட்டு வைக்கச் செய்யுங்கள். ஒரு கால் பெயர்ந்துவிட்டால் மற்றதும் வரும்.

திரும்பும்போது அதை உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள், அதனால்தான் குளம்பு உங்கள் பாதத்தில் இறங்குகிறது. இடப்பக்கம் நடக்கும் நீங்கள் வலப்பக்கம் திருப்புங்கள். வலக்கையைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய்த் தலையை அப்பால் தள்ளி, வெளிவட்டத்தில் நீங்கள் நடக்கவேண்டும். ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு லாயத்துக்குள் காலே வைக்காதீர்கள், மூடிய பூட்ஸ் வேண்டும்.

பின்னங்காலில் நின்று முன்காலைத் தூக்கினால் கயிற்றை நழுவ விட்டுத் தோளோரம் ஒதுங்குங்கள். பிய்த்துக்கொண்டு ஓடினால் விட்டுவிடுங்கள். இழுபடுவதைவிட அது மேல்.

தெம்பனிஸ் மலர்:
அண்ணன் சொன்னதில் கடைசி வரியை மட்டும் பிரித்துச் சொல்லவேண்டும். முதுகில் பிள்ளை இருந்தால் கயிற்றை விடுவது என்ற பேச்சே இல்லை. போனிக்குப் பொறுப்பு நீங்கள், பிள்ளைக்குப் பொறுப்பு இரு பக்கமும் நடக்கிறவர்கள். பதற்றம் வந்தால் நீங்கள் தலையைத் திருப்பிச் சின்ன வட்டத்தில் சுற்றவிட்டு நிறுத்துங்கள். பிள்ளையை இறக்குவதா என்பதைப் பயிற்றுநர் சொல்வார். நீங்கள் பிள்ளையைப் பிடிக்கக் கையை நீட்டினால் போனியைப் பிடிக்க ஆளில்லை.

கயிற்றைக் கடிவாளத்து வளையத்தில் மாட்டாதீர்கள், உள்ளே போட்டிருக்கும் ஹால்டரில்தான் மாட்டவேண்டும். வாய்க்கம்பி பக்கவாட்டில் இழுபட்டால் வாய் வலிக்கும், போனி தலையை உதறும், மேலே இருக்கிற பிள்ளை ஆடிப்போகும். நிறுத்துவதற்கு மூன்று எட்டு முன்பே "நிற்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள். நின்றதும் போனியைப் பார்த்துத் திரும்பி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. ஈ மொய்த்துத் தலையை வீசினால் உங்கள் பல்தான் போகும்.

நம் சிங்கப்பூரில் இன்னொன்று: குடை. திடீர் மழைக்கு யாராவது பட்டென்று விரித்தால் போதும், புல்வெட்டும் இயந்திரமும் அப்படித்தான். குதிரை எதைக் கண்டு மிரளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் துள்ளும். அதனால் மிரட்டுகிற பொருள் இருக்கும் பக்கமே நீங்கள் நடக்கவேண்டும். மறுபக்கம் நின்றால் உங்கள் மேல்தான் வந்து விழும். இடி கேட்டால் வகுப்பு முடிந்தது, உள்ளே போய்விடுங்கள்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. அப்படியென்றால் வலப்பக்கத்திலிருந்தும் நடத்தப் பழகவேண்டுமா? லாயத்துக்குள் கொண்டுபோய் விடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

லாயத்துக்காரர்:
தெம்பனிஸ் மலர் சொன்னது சரி, நான் எழுதியது ஆள் ஏறாத குதிரைக்கு. பிரித்து எழுதியிருக்கவேண்டும்.

இரண்டு பக்கமும் பழக்குங்கள். இடப்பக்கம் என்பது போர்வீரன் இடுப்பின் இடப்புறம் வாள் தொங்கிய காலத்து வழக்கம். கிராஞ்சித் திடலில் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-உடன் முடிந்துவிட்டது, ஆனால் ஓட்டக் குதிரைகளைப் பிடித்துப் பழகிய சைஸ் (குதிரை பராமரிப்பவர்) யாரையாவது கேட்டுப் பாருங்கள், இடப்பக்கமே பழகிய குதிரை வலப்பக்கம் ஆள் வந்தால் எப்படித் திகைக்கும் என்று சொல்வார். வேலியோரம், காலி இடத்தில், தினம் ஐந்து நிமிடம் போதும்.

லாயத்துக் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு நேராக உள்ளே போங்கள். சாய்வாக நுழைந்தால் இடுப்பெலும்பு கதவு நிலையில் இடிக்கும். ஒருமுறை இடிபட்டது அடுத்தமுறை பாய்ந்து நுழையும், நடுவில் நீங்கள் நசுங்குவீர்கள். உள்ளே போனதும் முழுசாகத் திருப்பி, அதன் முகம் கதவைப் பார்க்கும்படி நிறுத்தி, நீங்கள் கதவுப் பக்கம் இருந்துகொண்டு ஹால்டரைக் கழற்றுங்கள். திடலில் அவிழ்த்து விடும்போதும் இதேதான், முகம் வேலிக்கதவைப் பார்க்கவேண்டும். விட்டதும் சுழன்று பின்னங்காலை உதைத்துக்கொண்டு ஓடும் குதிரைகள் உண்டு. அது திரும்புவதற்குள் நீங்கள் வெளியே வந்திருக்கலாம்.