20 சுற்று முக்கியும் படலம் 16 நானோமீட்டர்தான், எங்கே தவறு?

கேள்வி
வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தகடு) மேல் இரண்டு பாலிமர்களை, நேர்மின்சுமையுள்ள பாலிஅல்லைலமீனையும் எதிர்மின்சுமையுள்ள பாலிஅக்ரிலிக் அமிலத்தையும், மாற்றி மாற்றிப் படியவைக்கிறேன். இரண்டு கரைசலுக்கும் பி.எச். 7. ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் முக்கி, நடுவில் தண்ணீரில் அலசுகிறேன். மின்சுமை கூடினால் நிறைய ஒட்டும், படலம் தடிக்கும் என்று நினைத்தேன். 20 சுற்றுக்குப் பிறகும் எலிப்சோமீட்டரில் (ஒளியால் படலத்தின் தடிமனை அளக்கும் கருவி) 16 நானோமீட்டர்தான். அடுத்த வாரம் ரிவ்யூ இருக்கிறது, உதவுங்கள்.

பதில்
தம்பி, உங்கள் படலம் சரியாகத்தான் வளர்ந்திருக்கிறது. அந்த பி.எச்.சில் சுற்றுக்கு 0.8 நானோமீட்டர்தான் வரும். பி.எச். 7-இல் இரண்டு பாலிமருக்கும் சுமை ஏறக்குறைய முழுசாக இருக்கும். பாலிமர் சங்கிலியில் உள்ள ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அது விறைத்து, பாய் விரித்த மாதிரிப் பரப்பில் படுத்துவிடும். அடியில் இருக்கும் சுமையை ஈடுகட்டிப் பரப்பின் சுமைக் குறியை (நேர், எதிர்) மாற்றக் கொஞ்சம் பாலிமரே போதும். அதற்கு மேல் வருவதை அதே சுமை தள்ளிவிடும்.

அமிலத்தை பி.எச். 3.5-க்கும், அமீனை 7.5-க்கும் மாற்றிப் பாருங்கள். 3.5-இல் அமிலத் தொகுதிகளில் பெரும்பாலானவை சுமையில்லாமல் இருப்பதால் சங்கிலி வளைவு வளைவாக, கனமாகப் படியும். அப்புறம் அதே படலம் 7.5-க்குள் போகும்போது அந்தத் தொகுதிகள் சுமை பெறும். அவ்வளவையும் ஈடுகட்ட அமீன் நிறைய ஏற வேண்டியிருக்கும். 2000-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷிராடோரி, ரூப்னர் என்ற ஆய்வாளர்கள் இதே பாலிமர் ஜோடியில் காட்டியது இதைத்தான். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிவு அது.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. அப்படியானால் அமிலத்தை பி.எச். 2-க்கு இறக்கினால் இன்னும் தடிக்குமா?

பதில்
வேண்டாம். சுமை ரொம்பக் குறைந்தால் பிடிப்பே இருக்காது, வளர்ச்சி நின்றுவிடும். முடிந்த படலத்தையும் 2.5 பக்கம் கொண்டுபோகாதீர்கள், உள்ளே துளைகள் விழும். அலசும் தண்ணீரின் பி.எச்.சையும் அந்தந்தக் கரைசலுக்கு ஏற்ப வையுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

இன்னொருவர்
பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் மாதிரி வலுவான பாலிமர், அதாவது எந்த பி.எச்.சிலும் ஏறக்குறைய முழுச் சுமையோடு இருப்பது, என்றால் பி.எச்.சை மாற்றிப் பயனில்லை. அங்கே சோடியம் குளோரைடு சேருங்கள். உப்பு சுமையை மறைத்துவிடும், சங்கிலி சுருளும், அடுக்கு தடிக்கும்.

கேள்வி கேட்டவர்
அண்ணா, 7.5/3.5 வைத்து 10 சுற்று முடித்தேன். வேஃபர் கண்ணுக்கே ஊதாவாகத் தெரிகிறது! எலிப்சோமீட்டரில் 94 நானோமீட்டர். இருவருக்கும் மிக்க நன்றி.