டெபியன் 12-லிருந்து 13-க்கு: கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில், பழைய பெட்டிகளில் எப்படி ஏற்றுவது?

கேள்வி: ரங்கூன்_தமிழ்_வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு ஐந்து கணினிகள். ஐந்திலும் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம். 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த டெபியன் 13-க்கு (ட்ரிக்ஸி) மாற்ற வேண்டும்.

மூன்று பெட்டிகளில் 64 பிட், 4 ஜிபி நினைவகம். அதில் ஒன்றில் எல்விஎம் (வட்டை நெகிழ்வாகப் பிரிக்கும் முறை) போட்டு, பூட் பகிர்வு (கணினி எழத் தேவையான கோப்புகள் இருக்கும் இடம்) தனியாக இருக்கிறது. மொத்தமே 450 எம்பி சொச்சம்தான். மற்ற இரண்டும் 32 பிட் நிறுவல், 2 ஜிபி நினைவகம். எல்லாமே பழைய பயாஸ் வகை, எல்லாம் சுழல்வட்டு. கரண்ட் சில மணி நேரம் இருக்கும், சொல்லாமல் போகும். யுபிஎஸ் ஒன்றுதான், அதுவும் கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. இணையம் கைப்பேசி டேட்டாதான்.

பிள்ளைகள் தமிழும் பர்மியமும் தட்டுவார்கள், இரண்டும் கெடக் கூடாது. எந்த வரிசையில் செய்வது? எதைத் தொடாமல் விடுவது?


பதில் 1: பெகு_டெர்மினல்

வணக்கம் ஐயா. முதலில் அந்த 32 பிட் இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். டெபியன் 13-ல் ஐ386-க்கு (32 பிட் வகை) கெர்னலும் (இயங்குதளத்தின் உட்கரு) இல்லை, நிறுவியும் இல்லை. அந்தப் பொதிகள் 64 பிட் கணினியில் பழைய மென்பொருளை ஓட்டுவதற்கு மட்டும்தான் மிச்சம் வைத்திருக்கிறார்கள். சோர்ஸ் கோப்பில் (பொதிகள் எங்கிருந்து வரும் என்ற பட்டியல்) பெயரை மாற்றி அப்கிரேட் கொடுத்தீர்களானால் பாதி ஏறி, புதிய கெர்னல் இல்லாமல் நின்றுவிடும். செய்யவே வேண்டாம்.

ஆனால் 32 பிட் நிறுவல் என்பதால் செயலியும் 32 பிட் என்று ஆகாது. 'எல்எஸ்சிபியு' என்று தட்டுங்கள். 'ஆப்-மோட்' என்று வரும் வரியில் 32, 64 இரண்டும் இருந்தால் அந்தப் பெட்டிக்கு ஏஎம்டி64 (64 பிட் வகை) டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவலாம். அங்கேயே இருந்தபடி 32-ஐ 64 ஆக்கும் வழி ஒன்று உண்டு. அது ஆபத்தானது என்று டெபியன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. கரண்ட் போகிற இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்து பூட் பகிர்வு. தனி பூட் இருந்தால் குறைந்தது 768 எம்பி அளவும், அதில் 300 எம்பி காலியும் வேண்டும் என்கிறார்கள். கெர்னல் 6.12, அதன் இனிட்ராம்எஃப்எஸ் (எழும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு), ஃபர்ம்வேர் (வன்பொருளுக்கான உள்மென்பொருள்) எல்லாமே பெருத்துவிட்டன. உங்கள் 450 எம்பியில் 6.1 கெர்னல் இரண்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். மூன்றாவது வரும்போது இடமில்லை என்று இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நிற்கும், அதைத் தொடர்ந்து டிபிகேஜி (பொதிகளை ஏற்றும் நிரல்) நிற்கும், அதற்குப் பின்னால் உள்ள பொதிகள் எல்லாம் அமைக்கப்படாமல் தொங்கும். அதற்கு இரண்டு வழி:

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை நீக்குங்கள். பிறகு ஈடிசி அடைவில், இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் உள்ளே இருக்கும் கான்ஃப் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்பது 'மோஸ்ட்' என்று இருக்கும். அதை 'டெப்' ஆக்கி 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கொடுங்கள். அந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், கோப்பு நன்றாகச் சுருங்கும். ஒரே குறை, அந்த வட்டைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

இரண்டாவது வழி, எல்விஎம்மில் குறியாக்கம் இல்லையென்றால்தான். பூட்டை ரூட் பகிர்வுக்குள்ளேயே (இயங்குதளம் இருக்கும் முதன்மைப் பகிர்வு) கொண்டுவந்துவிடலாம், எல்விஎம்முக்குள் இருக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையை க்ரப் (கெர்னலை ஏற்றும் தொடக்க நிரல்) படிக்கும். பூட்டை அன்மவுன்ட் செய்து, அந்தப் பகிர்வை எம்என்டி அடைவில் மவுன்ட் செய்து, உள்ளதை 'சிபி -ஏ' கொண்டு ரூட்டின் பூட் அடைவுக்கு நகலெடுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் (மவுன்ட் ஆகும் பகிர்வுகளின் பட்டியல்) பூட் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி. பிறகு 'க்ரப்-இன்ஸ்டால்' (பகிர்வுக்கு அல்ல, முழு வட்டுக்கு), அதற்குப்பின் 'அப்டேட்-க்ரப்'. டெபியன் 12-ல் இருக்கும்போதே இதை முடித்து, ஒரு தடவை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட்டுத்தான் அப்கிரேடில் கை வைக்க வேண்டும். எனக்கு இதுதான் பிடித்த வழி. மாட்யூல்ஸ் மாற்றுவது தள்ளிப்போடுவதுதான், அடுத்த வெளியீட்டில் அதே நெருக்கடி திரும்ப வரும்.


பதில் 2: மோல்மேன்_கடற்கரை

பெகு அண்ணன் சொன்னதெல்லாம் சரி. கரண்ட் பக்கத்தை நான் சொல்கிறேன், உங்களுக்கு அங்கேதான் சிக்கல் வரும்.

இறக்குவதையும் ஏற்றுவதையும் பிரித்துவிடுங்கள். இறக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏற்றும்போது போனால்தான் வினை. ஆகவே டெபியன் 12-ஐ முதலில் முழுசாகப் புதுப்பித்து, பேக்போர்ட்ஸ் (புதிய பதிப்பிலிருந்து எடுத்துத் தரும் பொதிகள்), வெளியார் சோர்ஸ் எல்லாவற்றையும் அணைத்து, சோர்ஸ் கோப்பில் 'புக்வோர்ம்' (12-ன் பெயர்) என்று வரும் இடமெல்லாம் 'ட்ரிக்ஸி' ஆக்குங்கள். செக்யூரிட்டி வரியை மறக்க வேண்டாம். 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' இருந்தால் அப்படியே இருக்கட்டும், எடுத்தால் வைஃபை போகும். பிறகு 'ஆப்ட் அப்டேட்' (ஆப்ட் என்பது பொதிகளை இறக்கி ஏற்றும் கருவி), அதற்குப்பின் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி'. எவ்வளவு இறங்கும், வட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று ஆப்ட்டே காட்டும்.

டேட்டா மிச்சம் பிடிக்க: இறங்கிய டெப் கோப்புகள் வார் அடைவில் கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்ற இடத்தில் கிடக்கும். ஏற்றுவதற்கு முன்பே அவற்றைப் பென்டிரைவில் எடுத்து மற்ற இரண்டு 64 பிட் பெட்டிகளிலும் அதே இடத்தில் போடுங்கள். முன்பே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'ஆப்ட்' கட்டளை ஏற்றி முடித்த கோப்பை அழித்துவிடும். 'ஆப்ட்-கெட்' அழிக்காது. மற்ற பெட்டிகளிலும் சோர்ஸை மாற்றி 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் போதும், ஏற்றச் சொல்லும்போது கையில் இல்லாததை மட்டும் இறக்கிக்கொள்ளும். பென்டிரைவில் கோப்பு கெட்டிருந்தால் ஆப்ட் சரிபார்ப்பில் கண்டுபிடித்துத் திரும்ப இறக்கும், பயம் வேண்டாம். வகுப்பில் உள்வலை இருந்தால் ஒரு பெட்டியில் 'ஆப்ட்-கேஷர்-என்ஜி' போட்டு, மற்றவற்றின் ப்ராக்ஸியாக அதன் 3142 துறையைக் காட்டலாம். சோர்ஸ் முகவரி எச்டிடிபியாக இருக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் என்றால் சேமிக்க முடியாது.

ஏற்றுவது கரண்ட் வந்தவுடன், முறை முழுசாகக் கையில் இருக்கும்போது. மேசைத்தளத்துக்குள் இருந்து செய்யாதீர்கள், நடுவில் திரை பூட்டிக்கொண்டால் திறக்க முடியாமல் போகலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், 'டிமக்ஸ்' (திரை அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் நிரல்) திறந்து அதற்குள் செய்யுங்கள். முதலில் 'ஆப்ட் அப்கிரேட் --வித்அவுட்-நியூ-பேக்கேஜஸ்' (கட்டளையில் கடைசிச் சொல்லை 'பிகேஜிஎஸ்' என்று சுருக்கி எழுத வேண்டும்), அது முடிந்ததும் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. இரண்டாகப் பிரிப்பதால் ஒவ்வொன்றும் சிறிய வேலை, நடுவில் நிறுத்த ஒரு நல்ல இடமும் கிடைக்கிறது.

இணையத்தில் சில இடங்களில் 'ஈட்மைடேட்டா' சேர்த்து ஓட்டினால் சுழல்வட்டில் வேகமாக ஏறும் என்று எழுதியிருப்பார்கள். வேகம் வருவது உண்மைதான். ஆனால் அது எஃப்சிங்க் அழைப்பைச் சும்மா ஆக்கிவிடுகிறது. டிபிகேஜி மெதுவாகப் போவதே ஒவ்வொரு கோப்பும் வட்டில் நிஜமாக எழுதப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டு அடுத்ததைத் தொடுவதால்தான். அதை எடுத்துவிட்டு நடுவில் கரண்ட் போனால், ஏறியதாகப் பதிவு இருக்கும், கோப்பு வெறுமையாக இருக்கும். நம் ஊரில் அதைத் தொடவே கூடாது.

அப்படியும் நடுவில் போய்விட்டால்: வந்ததும் ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்', பிறகு திரும்ப 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. பெரும்பாலும் இதோடு தீரும். பூட்டே ஆகவில்லையென்றால் க்ரப் பட்டியலில் 'அட்வான்ஸ்ட்' உள்ளே போய் 6.1 கெர்னலை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் நெட்இன்ஸ்ட் (டெபியனின் சிறிய நிறுவல் படிமம்) பென்டிரைவில் 'ரெஸ்க்யூ' முறையில் நுழைந்து, ரூட் பகிர்வுக்குள் ஷெல் திறந்து அதே மூன்று கட்டளை. டிபிகேஜியின் 'ஸ்டேட்டஸ்' கோப்பே கெட்டிருந்தால் பக்கத்திலேயே 'ஸ்டேட்டஸ்-ஓல்ட்' இருக்கும், அதை நகலெடுத்துப் போடுங்கள்.

புதிய கெர்னலில் ஒரு முறையாவது ஒழுங்காக எழுந்து வரும்வரை 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுக்காதீர்கள்.


ரங்கூன்_தமிழ்_வகுப்பு:

ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். எல்எஸ்சிபியு பார்த்தேன். 32 பிட் பெட்டிகளில் ஒன்று கோர் 2 டுவோ, இரண்டும் வருகிறது. மற்றது ஆட்டம் என்270 போட்ட சின்ன மடிக்கணினி, 32 மட்டும்தான். எல்விஎம்மில் குறியாக்கம் இல்லை.

இன்னொன்று. ஒரு பெட்டியில் இப்போதே 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வருகிறது. சர்வர் கோளாறா?


பதில் 3: பெகு_டெர்மினல்

சர்வர் கோளாறு இல்லை, உங்கள் பெட்டியின் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால், கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் நேரம் பழைய தேதிக்குப் போய்விடும். ரிலீஸ் கோப்பின் தேதி எதிர்காலமாகத் தெரிவதால் ஆப்ட் மறுக்கிறது. செல்லை மாற்றுங்கள், 'டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' கொடுங்கள்.

நேரம் என்றதும் இன்னொன்று, இது பர்மாவில் இருப்பவர்களுக்கென்றே. டெபியன் 13-ல் பழைய நேரமண்டலப் பெயர்களை 'டிஇசட்டேட்டா-லெகசி' என்ற தனிப் பொதிக்கு மாற்றிவிட்டார்கள். 'ஆசியா/ரங்கூன்' அதில் ஒன்று, இப்போதைய பெயர் 'ஆசியா/யாங்கூன்'. கணினியின் பொது அமைப்பை அப்கிரேட் தானே மாற்றிவிடும். ஆனால் ஏதாவது ஸ்க்ரிப்டிலோ க்ரான் (நேரம் வைத்து ஓடும் வேலை) வரியிலோ நீங்களே பழைய பெயரை எழுதியிருந்தால் அது சத்தமில்லாமல் யுடிசி (உலகப் பொது நேரம்) ஆகிவிடும், ஆறரை மணி நேரம் பின்னால் காட்டும். பெயரை மாற்றினால் சரி.

கோர் 2 டுவோவுக்கு ஏஎம்டி64 நெட்இன்ஸ்ட் படிமம், ஒரு ஜிபிக்குள்தான். ஹோம் (பயனர்களின் கோப்புகள் இருக்கும் அடைவு) தனிப் பகிர்வாக இருந்தால், நிறுவும்போது பகிர்வைக் கையால் தேர்ந்து, ஹோமுக்கு 'ஃபார்மட் வேண்டாம், உள்ளதை வைத்திரு' என்று கொடுங்கள். பயனர் பெயரும் பழையதே இருக்கட்டும். எதற்கும் 'ஆர்சிங்க்' கொண்டு வெளி வட்டில் ஒரு நகல் எடுத்துவிட்டே தொடங்குங்கள்.

அதில் 2 ஜிபிதான் என்பதால் இரண்டு விஷயம். டெபியன் 13-ல் டெம்ப் அடைவு இயல்பாகவே நினைவகத்தில் இருக்கும், பாதி நினைவகம் வரை எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் பெரிய பிடிஎஃப், காணொளி திறந்தால் கணினி திணறும். 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப் டாட் மவுன்ட்' கொடுத்து மறுதொடக்கம் செய்தால் பழையபடி வட்டுக்கே போய்விடும். கட்டளையில் டெம்ப் என்பதற்கு டி, எம், பி மூன்றே எழுத்து, டாட் என்பது புள்ளி. புதிதாக நிறுவிய கணினியில் டெம்ப்பில் 10 நாள் கிடந்த கோப்பும் அழியும், வார்-டெம்ப்பில் 30 நாள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை அங்கே போட்டு வைக்கக் கூடாது.

இரண்டாவது, ஸ்வாப்பினெஸ் (நினைவகத்தில் இருப்பதை வட்டுக்கு எவ்வளவு தள்ளுவது என்பது) போன்ற அமைப்புகளை ஈடிசி அடைவில் சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் கோப்பில் எழுதியிருந்தால் இனி அது படிக்கப்படாது. சிஸ்சிடிஎல் டாட் டி அடைவுக்குள் தனிக் கோப்பாகப் போடுங்கள்.

என்270-ஐ டெபியன் 12-லேயே விடுங்கள். பாதுகாப்புக் குழுவின் வழக்கமான ஆதரவு 2026 ஜூன் வரை, அதன்பின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) 2028 ஜூன் வரை. ஆனால் மோசில்லா 32 பிட் லினக்ஸுக்கு ஃபயர்பாக்ஸ் தருவதை 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. அதனால் அந்த மடிக்கணினியை இணையத்தில் விடாமல், தட்டச்சுப் பழக மட்டும் வையுங்கள். அதற்கு அது தாராளம்.


பதில் 4: தட்டோன்_எழுத்து

தட்டச்சு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எக்ஸ்எஃப்சிஇ 4.20-ல் விசைப்பலகை அமைப்பில் நேராகத் தமிழ்99-ஐச் சேர்க்கலாம். சேர்க்க வேண்டாம். தமிழ்99-ல் எச் விசை க, க்யூ விசை ஆ. எச், க்யூ தட்டினால் கா வர வேண்டும், எச் இரண்டு தடவை தட்டினால் க்க வர வேண்டும். முந்தைய எழுத்தைப் பார்த்து அடுத்ததை மாற்றும் இந்த வேலை அப்படி நேராகச் சேர்க்கும் விசைப்பலகையில் கிடையாது. 'ஐபஸ்-எம்17என்' (பல மொழித் தட்டச்சுக் கருவி) பொதியைப் போடுங்கள், அதில் தமிழ்99-ம் உண்டு, பர்மிய விசைப்பலகையும் உண்டு. 'இம்-கான்ஃபிக்' ஓட்டி ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி உள்ளே வாருங்கள். அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனி, எல்லாப் பிள்ளைகளுடைய கணக்கிலும் செய்ய வேண்டும்.

எழுத்துருவுக்கு 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' ஒன்றே போதும், தமிழ், பர்மியம் இரண்டும் அதில் இருக்கின்றன. பர்மியத்துக்குப் பதௌக் எழுத்துரு பழகியிருந்தால் 'ஃபான்ட்ஸ்-சில்-பதௌக்'.

கவனம் வேண்டியது ஜாஜி, அதாவது யூனிகோடு முறையில் இல்லாத பழைய பர்மிய எழுத்துரு. நாடு 2019 அக்டோபர் 1-ல் யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய ஹோம் அடைவுகளில் புள்ளி-ஃபான்ட்ஸ் என்ற மறைவான அடைவுக்குள் ஜாஜி எழுத்துரு இன்னும் கிடக்கும். ஜாஜியும் யூனிகோடும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்துவதால், அது இருந்தால் சரியான யூனிகோடு பர்மியமும் குறி இடம் மாறிக் குழம்பித் தெரியும். பிள்ளைகள் அப்கிரேடைத்தான் குறை சொல்வார்கள். 'எஃப்சி-மேட்ச்' கட்டளைக்கு மொழியாக எம்ஒய் (பர்மியத்தின் குறி) கொடுத்துப் பாருங்கள். ஜாஜி என்று வந்தால் அந்தக் கோப்பை அந்த அடைவிலிருந்து வேறு இடத்துக்கு எடுத்து, 'எஃப்சி-கேஷ் -எஃப்' கொடுங்கள். பழைய ஜாஜி ஆவணங்கள் இருந்தால் அழிக்காமல் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.


ரங்கூன்_தமிழ்_வகுப்பு:

குறித்துக்கொண்டேன். செல் மாற்றியதும் நேரம் சரியாகி, ஆப்ட் அப்டேட் ஓடியது. எல்விஎம் பெட்டியில் பூட்டை ரூட்டுக்குள் நகர்த்தியாயிற்று, மறுதொடக்கத்தில் எழுந்து வந்தது. நகலெடுத்தபின் பழைய பூட் பகிர்வை உடனே அழித்துவிடலாமா?


பதில் 5: பெகு_டெர்மினல்

இப்போது வேண்டாம். டெபியன் 13-ன் 6.12 கெர்னலில் அந்தப் பெட்டி எழுந்து, 'அப்டேட்-க்ரப்' ஒருமுறை ரூட்டின் பூட் அடைவிலேயே எழுதியதைப் பார்த்தபின் அழியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு 'ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்' கொடுத்தால் சோர்ஸ் கோப்பும் புதிய வடிவத்துக்கு மாறிவிடும்.