சிட்னி பல்கலைக்கழகம்: ஜக்கரண்டா பூத்தால் ஃபெயிலா? யூனிட்டை எப்போது விடலாம்?

பிச்சிப்பூ:
இரண்டாம் செமஸ்டரில் கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸ் சேர்கிறேன், ஸ்டூடன்ட் விசா, நாலு யூனிட் (பாடம்). "குவாட்ராங்கிள் முற்றத்து ஜக்கரண்டா (ஊதாப் பூ மரம்) பூக்கும்வரை புத்தகத்தைத் தொடாதவர் ஃபெயில்" என்று சீனியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா? ஒரு யூனிட் கைமீறினால் எதுவரை விடலாம்?

கேம்பர்டவுன்வாசி:
கணக்கு உண்டு. சிட்னியில் ஜக்கரண்டா அக்டோபர் கடைசியில் பூக்கும், நவம்பரில் கொட்டும். செமஸ்டரின் 12, 13ஆம் வாரங்களும் அப்போதுதான் வரும். பிறகு ஸ்டுவாக் என்ற படிப்பு விடுமுறை ஒரே வாரம், அதை ஒட்டித் தேர்வுகள். நாலு யூனிட்டுக்கு ஏழு நாள் என்றால் ஒன்றுக்கு இரண்டு நாள்கூடத் தேறாது. பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்திலும் இதே பேச்சு உண்டு.

குவாட்ராங்கிளில் இருந்த பழைய மரத்தை 1928இல் நட்டவர் ஜெர்மன் மொழிப் பேராசிரியர் ஈ. ஜி. வாட்டர்ஹவுஸ். 2016 அக்டோபரில், அதுவும் பூக்கும் பருவத்தில், அது சாய்ந்தது. நோய் தெரிந்ததுமே கிளை எடுத்து ஒட்டுக்கன்று வளர்த்து வைத்திருந்தார்கள். அதைத்தான் 2017 ஜூலையில் நட்டார்கள், கூடவே உள்நாட்டு மரமான இல்லவாரா ஃப்ளேம் ஒன்றையும். ஆகவே இப்போது பூப்பதும் அதே மரத்தின் வாரிசுதான். அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றியது மிக நல்ல காரியம்.

ஃபிஷர்_மூன்றாம்தளம்:
பூவைப் பார்த்து முடிவெடுத்தால் தாமதம். முக்கியமான நாள் ஆகஸ்ட் 31, அதாவது சென்சஸ் டேட். அன்றைக்குள் யூனிட்டை விட்டால் அதற்குக் கட்டணம் இல்லை, ரெக்கார்டிலும் ஏறாது. அதற்குப் பிறகு 7ஆம் வாரம் முடியும்வரை விட்டால் ரெக்கார்டில் டி.சி. என்று வரும்: ஃபெயில் கணக்கில் வராது, ஆனால் முழுக் கட்டணமும் போய்விடும். அதையும் தாண்டி விட்டால் டி.எஃப்., அது ஃபெயிலேதான். இன்டென்சிவ் (குறுகிய காலத்தில் முடியும்) யூனிட்களுக்குச் சென்சஸ் நாள் வேறு.

பலரும் சறுக்குவது இங்கேதான்: முதல் அசைன்மென்ட் மார்க் வரட்டும் என்று காத்திருப்பார்கள், அது வருவதற்குள் ஆகஸ்ட் முடிந்துவிடும். 3ஆம் வாரத்திலேயே யூனிட் அவுட்லைனை எடுத்து, எந்த மதிப்பீடு எத்தனை சதவீதம், எந்த வாரம் என்று நாலு யூனிட்டுக்கும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே வாரத்தில் மூன்று டெட்லைன் விழுந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஸ்டூடன்ட் விசா என்பதால், சி.ஓ.இ.யில் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றில்) உள்ள காலத்துக்குள் படிப்பு முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டுத்தான் யூனிட்டை விட வேண்டும்.

ரெட்ஃபெர்ன்_நடை:
தாமதத்துக்கான தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்கு, மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம் கழியும், சனி ஞாயிறும் சேர்த்தி. 100க்கு 72 வாங்கும் கட்டுரை மூன்று நாள் தாமதமானால் 57. கிரெடிட் என்ற தரம் 65இல் தொடங்குவதால் அது வெறும் பாஸ் ஆகிவிடும். பத்து நாள் தாண்டினால் பூஜ்யம்.

உடம்பு சரியில்லை என்றால் ஸ்பெஷல் கன்சிடரேஷன் என்ற சலுகை உண்டு. டெட்லைனிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவரைப் பார்ப்பதும் உடம்பு சரியில்லாத அந்த நாட்களிலேயே இருக்கட்டும், குணமான பிறகு வாங்கும் கடிதம் எடுபடுவது கஷ்டம். லேப்டாப் பழுது, வேலைப்பளு இரண்டும் காரணமாக ஏற்கப்படாது.

பிச்சிப்பூ:
மிக்க நன்றி. பார்ட் டைம் வேலையை ஸ்டுவாக் வாரத்தில் கூட்டிக்கொள்ளலாமா? அது விடுமுறைதானே?

ஃபிஷர்_மூன்றாம்தளம்:
கூடாது. தேர்வுகள் முடியும்வரை செமஸ்டர் நடப்பதாகவே கணக்கு, ஸ்டூடன்ட் விசாவில் வேலை இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். எந்தத் திங்களில் தொடங்கும் 14 நாளுக்கும் இது பொருந்தும். முதல் வாரம் 20, அடுத்த வாரம் 28 என்றால் சரி. மூன்றாம் வாரம் 24 செய்தால் 28ம் 24ம் சேர்ந்து 52, விதிமீறல். ரோஸ்டர் வந்ததும் முந்தின வாரத்தோடு கூட்டிப் பாருங்கள்.

கேம்பர்டவுன்வாசி:
ஸ்பெஷல் கன்சிடரேஷன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் தனியாக முறையீடு எழுத வேண்டாம். உங்களைப் போன்ற முதுகலை மாணவர்களுக்கு சுப்ரா என்ற மாணவர் அமைப்பு இருக்கிறது, இளங்கலைக்கு எஸ்.ஆர்.சி. இரண்டிலும் கேஸ்வொர்க்கர்கள் இலவசமாகப் பார்த்துத் தருவார்கள். மறுப்புக் கடிதம் வந்த அன்றே எழுதுங்கள், முறையீட்டுக்கும் கெடு உண்டு.