கிரையோவில் நுனி கறுத்துப் போன கதைகள்: உங்களுக்கு எந்தப் படியில் போச்சு?

ஈட்டிக்கன்று:
ரகம் அழியாம சேமிக்க, வாழைக் குருத்து நுனியை லிக்விட் நைட்ரஜனில் உறைய வைக்கிற வேலைக்கு (அதான் கிரையோ) வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பூவனும் விருப்பாட்சியும்தான் கையில். முதல் ஆறு மாசம் நைட்ரஜனைத் திட்டாத நாளே இல்லை. மைனஸ் 196 டிகிரி, அதில் முக்கினா எது பிழைக்கும்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். எடுத்து மீடியாவில் (நுனி வளர்ற சத்துக் கூழ்) வச்ச மூணாம் நாள் பார்த்தா நுனியெல்லாம் கருப்பட்டித் தூள் மாதிரி கிடக்கும்.

வேற லேபிலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டாங்க: "நைட்ரஜன் காட்டாத கண்ட்ரோல் வச்சியாடா?" வைக்கலை. அன்னைக்கே 20 நுனி எடுத்து, மத்த எல்லாப் படியும் செஞ்சு, நைட்ரஜனை மட்டும் விட்டுட்டேன். அதிலும் 13 கறுத்துப் போச்சு. ஆறு மாசத் திட்டும் அநியாயம்.

எங்க தப்புன்னு தேடினா, கத்தி வைக்கிற இடத்திலேயே ஆரம்பிக்குது. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ ஒரு மில்லிமீட்டர் நுனியை வெட்டும்போது வெட்டுவாயில் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடுன்னு செல்லைத் தாக்குற ஆக்சிஜன் வகையெல்லாம் பொங்கி வரும். வாழையில் காத்து பட்டா கறுக்கிற பீனால் வேற ஏராளம். வாழைப்பூ ஆய்ஞ்சா அம்மா உடனே மோர்த் தண்ணியில் போடுவாங்களே, அதே சமாச்சாரம்தான். நான் 40 நுனியை வெட்டி, லேமினார் (வடிகட்டின) காத்து வீசுற இடத்தில் வெறும் பெட்ரி டிஷ்ல வரிசையா அடுக்கி வச்சிருந்தேன். கடைசி நுனி வெட்டி முடிக்கிறப்போ முதல் நுனி ஒன்றரை மணி நேரம் காத்து வாங்கியிருக்கும். சமையக்கட்டில் தெரிஞ்ச விஷயம் லேபுக்குள்ள வந்ததும் மறந்துருச்சு.

இப்போ பத்துப் பத்தா வெட்டுறேன். வெட்டினது நேரா லோடிங் சொல்யூஷனுக்குள்ள (2 மோலார் கிளிசரால், 0.4 மோலார் சர்க்கரை), 20 நிமிஷம். அஞ்சு நுனிக்கு ஒரு தடவை பிளேடு மாத்துறேன். அதுக்கப்புறம் பி.வி.எஸ். 2 (உறையும்போது நுனிக்குள்ள ஐஸ் படிகம் வராம தடுக்கிற கரைசல்), ஐஸ் மேல வச்சு, வாட்ச் பார்த்து. முன்னாடி அதை டேபிள் மேலயே வச்சு ஊத்திக்கிட்டிருந்தேன், கேட்டா சிரிப்பீங்க. 30 சதவீதம் கிளிசரால், எத்திலீன் கிளைக்காலும் டி.எம்.எஸ்.ஓ.வும் 15, 15. அந்தக் கஷாயம் அறைச் சூட்டில் நுனிக்கு விஷம்தான்.

உங்க கதையையும் சொல்லுங்க.

கத்திரிவெயில்:
என் கதை வைட்டமின் சி. பிளாக்பெர்ரி நுனியில் வைட்டமின் சி, ஈ சேர்த்தா துளிர்ப்பு கூடுது, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் குறையுதுன்னு 2010-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வைப் படிச்சுட்டு, நம்ம ஊர் வழக்கப்படி 'கொஞ்சம் நல்லதுன்னா நிறைய இன்னும் நல்லது'ன்னு இறங்கிட்டேன். போன வாரம் கரைச்சு வச்ச அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-தான்), அதையும் மீடியாவோட ஆட்டோகிளேவ்ல வேற ஏத்தினேன். வெளிய வந்தப்போ மீடியா மஞ்சளா இருந்துச்சு. அப்பவாவது உறைச்சிருக்கணும்.

நுனி முன்னைவிட சீக்கிரமா கறுத்துச்சு. மீடியாவில் இரும்பு இருக்கு, செம்பு இருக்கு. வைட்டமின் சி அந்த இரும்புக்குத் திரும்பத் திரும்ப எலக்ட்ரான் கொடுக்கும், அந்த இரும்பு பெராக்சைடைப் பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். இருக்கிறதிலேயே மோசமானவன் அவன்தான். காவலுக்கு வச்ச ஆளே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இப்போ அன்னைக்குக் கரைச்சது, ஃபில்டர்ல வடிச்சது, குறைஞ்ச அளவு, அவ்வளவுதான்.

மல்லிகைப்பந்தல்:
எனக்கு வெளிச்சத்தில் போச்சு. உறைஞ்ச நுனியை உருக்கி, 1.2 மோலார் சர்க்கரையில் அலசி, பிளேட்ல வச்சு, ஆசையா டியூப்லைட் ரேக்கில் வச்சேன். வெளுத்துப் போச்சு. அடிபட்ட பசுங்கணிகம் வர்ற வெளிச்சத்தை என்ன செய்யன்னு தெரியாம எலக்ட்ரானை ஆக்சிஜன்கிட்ட தள்ளி விட்டுரும், அங்கயும் சூப்பர் ஆக்சைடுதான். அலுமினியம் ஃபாயில் சுத்தி ஒரு வாரம் இருட்டு, அப்புறம் மங்கலான வெளிச்சம்னு மாத்தினேன். மத்த எதையும் மாத்தலை. அதுக்கே வித்தியாசம் தெரிஞ்சது.

ஒருமில்லி:
நான் சொல்லப்போறது அவமானக் கதை. எம்.டி.ஏ. (சவ்வுக் கொழுப்பு சிதையும்போது வர்ற மாலோன்டையால்டிஹைடு) டெஸ்ட் எல்லாரும் பண்ணுவோம். தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, 95 டிகிரி வாட்டர் பாத்ல கொதிக்க வச்சு, 532 நானோமீட்டர் ஒளியில் ரீடிங். சவ்வு எவ்வளவு சிதைஞ்சிருக்குன்னு சொல்லும். பி.வி.எஸ். 2-க்கு அப்புறம் என் ரீடிங் எகிறுச்சு. 'கடும் ஆக்சிஜனேற்ற அழுத்தம்'னு ஸ்லைடு போட்டு, குரூப் மீட்டிங்ல பேசியும் முடிச்சுட்டேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் அண்ணன் டெஸ்ட் டியூபை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இது ரோஸ் கலரா? ஆரஞ்சு மிட்டாய் கலர்ல இருக்கே." சர்க்கரையில் ஊறின நுனி அது. சர்க்கரையும் அந்த அமிலத்தோட சேர்ந்து நிறம் கொடுக்கும், 532-லயும் எட்டிப் பார்க்கும். இந்தக் கோளாறுக்குத் திருத்தம் 1999-லேயே வெளியாகியிருக்கு: அமிலம் சேர்க்காத டியூப் ஒண்ணு தனியா, 440-லயும் 600-லயும் ரீடிங், அப்புறம் கழித்தல். கழிச்சுப் பார்த்தா என் 'கடும் அழுத்தம்' பாதிக்கும் கீழ. நான் அளந்ததில் பெரும்பகுதி சீனிப்பாகு.

இப்பவும் அந்த ஸ்லைடு யாரோ ஒருத்தர் லேப்டாப்ல இருக்கும்.

பலாக்கொட்டை:
வாழையாவது பரவாயில்லை. நான் பலா, மா மாதிரி காய வச்சா செத்துப்போற விதைகளோட மல்லுக்கு நிக்கிறேன். விதையைச் சேமிக்க முடியாது, உள்ளே இருக்கிற கரு அச்சைத்தான் (தண்டும் வேரும் முளைக்கிற பகுதி) எடுக்கணும், எடுக்கிற வெட்டே அதைக் கொன்னுரும். தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்துல பெர்ஜாக், பாமென்டர்னு ரெண்டு விஞ்ஞானிங்க குழு இதையே பல வருஷம் துருவினாங்க. வித்திலையை (விதைப் பருப்பை) வெட்டுற இடம் தண்டு நுனிக்கு ரொம்பப் பக்கம், அங்க கிளம்புற சூப்பர் ஆக்சைடுதான் தண்டு வராம வேர் மட்டும் வர்றதுக்குக் காரணம்னு காட்டினாங்க. கால்சியம், மெக்னீசியம் குளோரைடு கரைசலில் கரண்ட் விட்டு, கேத்தோடு (நெகட்டிவ் முனை) பக்கத்துத் தண்ணியில் கரு அச்சை ஊற வச்சாங்க. கேட்டப்போ மந்திரத் தண்ணி மாதிரி இருந்துச்சு எனக்கு. ஆனா எலக்ட்ரான் கொடுத்து சூப்பர் ஆக்சைடை அடக்குற தண்ணி, கணக்கு சரியாத்தான் வருது. எங்க லேப்ல பவர் சப்ளை கேட்டு லெட்டர் கொடுத்திருக்கேன். லெட்டரும் கிரையோவில்தான் இருக்குன்னு நினைக்கிறேன்.

மல்லிகைப்பந்தல்:
@ஈட்டிக்கன்று அண்ணா, பத்துப் பத்தா வெட்ட ஆரம்பிச்சப்புறம் விருப்பாட்சி எப்படி இருக்கு? படம் இருந்தா போடுங்களேன்.

ஈட்டிக்கன்று:
நைட்ரஜன் காட்டாத கண்ட்ரோல் 20-ல் இப்போ 17 பச்சை. நைட்ரஜன் பார்த்த பிளேட் ரெண்டு இருக்கு, அஞ்சாம் நாள். ஃபாயில் சுத்தி டிராயருக்குள்ள கிடக்குது. படம் எடுக்கணும்னா பிரிக்கணும்மா. புதன்கிழமை வரைக்கும் பொறு.