பில் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் மாறிவிடுகிறது

கல்லாப்பெட்டி:
வணக்கம். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். சர்வர் ஜாவா, பிரவுசரில் ஓடும் முன்பக்கம் ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்ட்), நடுவில் தரவைச் சுமந்து போவது ஜேசான். பில் எண்ணில் தேதியையும் சேர்த்து 17 இலக்கம் வைத்திருக்கிறோம். டேட்டாபேஸில் 20240301000000123 என்று இருக்கிற பில், திரையில் 20240301000000124 என்று வருகிறது. 125ஐத் திறந்தாலும் 124தான். கர்ல் (பிரவுசர் இல்லாமல் சர்வரை நேராகக் கேட்கும் கருவி) போட்டால் எண் சரியாக வருகிறது. குரோமில், வந்ததை அப்படியே காட்டும் ரெஸ்பான்ஸ் தாவலில் சரி, அதைப் பிரித்துக் காட்டும் பக்கத்து பிரிவ்யூ தாவலில் தப்பு! இரண்டு நாளாக சர்வரைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

அரைப்புள்ளி:
சர்வரை விடுங்கள், அது பாவம். ஜேசானில் எண் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். வாங்குகிற ஜாவாஸ்கிரிப்ட்தான் அதை 64 பிட் டபுளாக (தசம எண்களையும் வைக்கும், துல்லியத்துக்கு வரம்புள்ள எண் வகை) மாற்றிக்கொள்கிறது. 9007199254740991 வரைதான் முழு எண்கள் பிசகாமல் நிற்கும். உங்கள் எண் இருக்கும் உயரத்தில் நான்கு நான்காகத்தான் தாவும். 123, 125 இரண்டுக்கும் கிட்டே இருப்பது 124. பில் எண்ணை யார் கூட்டிக் கழிக்கப் போகிறார்கள்? மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாக, அனுப்புங்கள். ட்விட்டரும் 2010இல் இதே தொல்லையால்தான் ட்வீட் ஐடியை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தது.

பழைய ஆப்:
அவசரப்பட்டு, இருக்கிற புலத்தின் வகையை மாற்றிவிடாதீர்கள். ஐபோன் ஆப் இருக்கிறதா? அதன் ஸ்விஃப்ட் மொழியில் இன்ட் (முழு எண்) என்று எழுதியிருந்தால், மேற்கோள் குறியைப் பார்த்ததும் டிகோட், அதாவது ஜேசானைப் படிக்கிற வேலை, விழுந்துவிடும். (ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.) பழையது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்ட்ரிங் புலம் வையுங்கள். சர்வர் என்ன அனுப்பும் என்று விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பிலும் வகையை எழுதிவிடுங்கள். அப்புறம், தேதியையும் ஒரு தடவை பாருங்கள். நம் ஊர் மார்ச் 1 நள்ளிரவை டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (நேரத்தை யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றி எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) வழியாக அனுப்பினால் சர்வருக்குப் போய்ச் சேர்வது பிப்ரவரி 29, 18:30. ஐந்தரை மணி நேரத்தில் மாதக் கணக்கே மாறிவிடும்.

கல்லாப்பெட்டி:
புதுப் புலம் வைத்துவிட்டேன், 123 இப்போது 123தான். ஐபோன் ஆப் இருக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள். தேதியை இன்னும் திறந்து பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது. அதைவிட அவசரம் ஒன்று: போன வாரம் ஒரு கடைக்காரர் 125ஐ ரத்து செய்திருக்கிறார். லாகைப் பார்த்தால் ரத்தானது 124. இப்போது அவருக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார்.